கணக்கும் பொருள்கோளும்

சங்கராபுரத்துக்கு இரயில் வருவதில்லை. இரயிலைக் காண வேண்டுமாயின் தெற்கே சின்னசேலத்துக்கோ கிழக்கே திருக்கோவிலூருக்கோ பேருந்து ஏற வேண்டும். ஆயினும் நம் மாணவர் சிலர் இரண்டாண்டுகளாக இரவும் பகலும் இரயில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். 180 மீட்டர் நீளமுள்ள ஒரு வண்டி, எதிர்த்திசையில் 220 மீட்டர் நீளமுள்ள இன்னொரு வண்டி. ஒன்றையொன்று எத்தனை நொடியில் கடக்கும்? மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வுகளுக்கு இப்படிப்பட்ட பயிற்சிக் கணக்குகளைப் போட்டுப் பார்க்கும் பிள்ளைகள் இவர்கள். வணிகவியலும் கணிதமும் படிப்பவர்கள். இவர்களுக்குத் தமிழ் கற்பிக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று துறை நண்பர்களே கேட்டார்கள். இக்கட்டுரை அக்கேள்விக்கான விடை. சற்று நீண்ட விடை.

இத்தேர்வுகளை அறியாத இலக்கிய வாசகருக்காகச் சில செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறோம். இந்திய மேலாண்மைக் கழகங்கள் ஆண்டுதோறும் நடத்துவது ‘கேட்’ என்னும் பொதுச் சேர்க்கைத் தேர்வு. (பொறியாளர் எழுதும் ‘கேட்’ வேறு. ககரத்தின் இரு ஒலிகளுக்கும் ஒரே எழுத்தை வைத்துக்கொண்ட நமக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.) 2009 முதல் கணினியில் நடக்கிறது. தமிழகக் கல்லூரிகளின் மேலாண்மை இடங்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம் ‘டான்செட்’ நடத்துகிறது. இரண்டும் ஆங்கிலத்தில் மட்டுமே. 2024ஆம் ஆண்டின் கேட் தேர்வில் கணக்குப் பகுதிக்கு 22 வினாக்கள், 40 நிமிடங்கள். வினா ஒன்றுக்கு இரண்டு நிமிடங்கூட இல்லை. சரியான விடைக்கு மூன்று மதிப்பெண்; நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் வினாவில் தவறினால் ஒன்று கழியும்.

இந்தக் கழித்தலிலேயே ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொடுகிறவனுக்கு, சராசரியாக நான்கு முறைக்கு ஒருமுறை மூன்று மதிப்பெண் வரும். மற்ற மூன்று முறையும் ஒவ்வொன்றாக மூன்று போய்விடும். மிச்சம் சுழியம். ஆனால் நான்கில் ஒன்றை மட்டும் ‘இது விடையாக இருக்க முடியாது’ என்று உறுதியாகத் தள்ள முடிந்தவனுக்கு, மூன்று முறைக்கு ஒரு மதிப்பெண் மிஞ்சும். முழு விடை தெரியாவிட்டாலும், ஒன்றைத் தள்ளத் தெரிந்த அறிவுக்குத் தேர்வு கூலி கொடுக்கிறது. தேர்வை வகுத்தவர்கள் இதில் நேர்மையாக இருந்திருக்கிறார்கள் என்றே சொல்வோம். நம் குறை வேறிடத்தில்.

ஒரு மாலையில் வணிகவியல் மாணவி ஒருவர் தமிழ்த்துறை அறைக்கு வந்தார். மலையடிவாரத்துச் சிற்றூர். மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவு ஆலைக்குக் கரும்பு அனுப்பும் குடும்பம். கையில் பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்று. கேள்வி இது: மூவர் 2:3:5 என்ற விகிதத்தில் முதலிட்டு, அப்பணத்தை முறையே 6, 4, 3 மாதங்கள் தொழிலில் விட்டுவைத்தனர், இலாபம் 7,800 ரூபாய், மூன்றாமவர் பங்கு எவ்வளவு? மாணவி 3,900 என்று குறித்திருந்தார். புத்தகத்தின் பின்பக்கம் 3,000 என்றது. கணிதத் துறையில் எவரும் இல்லாத நேரம். “ஐயா, கணக்கு தெரியும்ங்க. கடைசியில வர்ற மாசமெல்லாம் யாருக்குன்னுதான் தெரியல,” என்றார்.

ஆங்கில வாக்கியத்தின் ஈற்றில் ‘ரெஸ்பெக்டிவ்லி’ என்ற ஒரு சொல் நின்றது. மாணவி அச்சொல்லை ஓர் அலங்காரமாக எண்ணி விட்டுவிட்டார். மாதங்களையும் அதனுடன் சேர்த்து விட்டுவிட்டார். 7,800ஐ 2:3:5 என்று பிரித்தால் மூன்றாமவருக்கு 3,900 வருகிறது. அந்த 3,900 விடைகளுள் ஒன்றாக அச்சிடப்பட்டிருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். இத்தகைய தவறு நேரும் என்று எதிர்பார்த்து, நேர்ந்தவரைப் பிடித்துக்கொள்ள வைக்கப்பட்ட விடை அது.

அந்தச் சொல்லைப் பார்த்ததும் நமக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது நம் சரக்கு. நன்னூலார் எட்டுப் பொருள்கோள் சொல்கிறார். அவற்றுள் ஒன்று நிரல்நிறை. பெயர்களை ஒரு வரிசையில் நிறுத்தி, அவற்றுக்குரிய வினைகளையோ பயனிலைகளையோ இன்னொரு வரிசையில் நிறுத்தினால், முதலாவதை முதலாவதோடும் இரண்டாவதை இரண்டாவதோடும் கொள்ள வேண்டும். பள்ளியில் ஐந்து மதிப்பெண்ணுக்காக எல்லாரும் மனப்பாடம் செய்தது. “நிரல்நிறை படிச்சிருக்கியாம்மா?” என்று கேட்டோம். படித்திருந்தார். எடுத்துக்காட்டுப் பாட்டையும் பிழையின்றிச் சொன்னார். பிறகு நாம் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டை ஆறோடும், மூன்றை நான்கோடும், ஐந்தை மூன்றோடும் பெருக்கி, 12, 12, 15 என்று எழுதி, 39 பங்கில் ஒரு பங்கு 200 என்று கண்டு, 3,000 என்று முடித்தார். அரை நிமிடம் ஆகியிருக்கலாம்.

அன்று தொடங்கியது. அதன்பின் எந்தக் கணக்கைப் பார்த்தாலும் நமக்குப் பொருள்கோளாகவே தெரிந்தது. நான்கைந்து வரிகளில் சிதறிக் கிடக்கும் செய்திகளை எடுத்து ஓரிடத்தில் கூட்ட வேண்டிய நீண்ட தரவுக் கணக்குகள் கொண்டுகூட்டு. கடைசி வரியில் வரும் ஒரு நிபந்தனை மேலே திரும்பி, நடுவையும் தொடக்கத்தையும் மாற்றிவிடும் கணக்குகள் அளைமறிபாப்பு. பாம்பு வளைக்குள் தலையை விட்டு உடலைத் திருப்பிக்கொள்வது போலக் கேள்வி திரும்பும். வேகங்கள் 2:3 என்றால் அதே தொலைவுக்கு நேரங்கள் 3:2 என்பது எதிர்நிரல்நிறை. இவற்றைச் சொல்லிக் கொடுத்தபோது மாணவர்களுக்கு ஏற்பட்ட வியப்பைவிட நமக்கு ஏற்பட்ட வியப்பே பெரிது. இருபதாண்டுகளாகச் செய்யுளுக்கு மட்டும் உரியதென்று நாம் நடத்திவந்த பாடம் இது.

சதவீதக் கணக்கில் இதைவிடச் சுவையான ஒன்று உண்டு. முருகனின் வருமானம் வேலனின் வருமானத்தைவிட 25 சதவீதம் அதிகம். அப்படியானால் வேலனின் வருமானம் முருகனுடையதைவிட எத்தனை சதவீதம் குறைவு? பத்துப் பேரைக் கேட்டால் பெரும்பாலோர் 25 என்பர். விடை 20. வேலன் 100 என்றால் முருகன் 125. அந்த 125இல் 25 என்பது ஐந்தில் ஒரு பங்கு. ஆங்கிலத்தில் படிக்கும்போது எது அடிப்படை, எதை நூறாகக் கொள்வது என்பதில்தான் பிள்ளைகள் வழுக்குகிறார்கள். தமிழில் வழுக்கத் தேவையில்லை. ‘விட’ என்னும் சொல் எந்தப் பெயரோடு ஒட்டுகிறதோ அதுதான் நூறு. பழைய இலக்கணத்தில் இது ஐந்தாம் வேற்றுமையின் ஒப்புப் பொருள். உரையாசிரியர்களின் காக்கையும் களாம்பழமும் நினைவிருக்கும். காக்கையை அளவாக வைத்துக்கொண்டுதான் களாம்பழத்தின் கருமை சொல்லப்படுகிறது. அங்கே காக்கை நூறு. இதைச் சொன்ன பிறகு நம் வகுப்பில் இவ்வகைக் கணக்கில் தவறியவர் மிகச் சிலரே.

இப்பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று சொல்பவர்களை நாம் கரும்புக் கொல்லைக்கு அழைக்கிறோம். 2024-25 பருவத்துக்கு நடுவணரசு அறிவித்த கரும்பு விலை, 10.25 சதவீதச் சர்க்கரைக் கட்டுமானத்துக்குக் குவிண்டாலுக்கு 340 ரூபாய். கட்டுமானம் ஒவ்வொரு 0.1 சதவீதம் கூடும்போதும் 3 ரூபாய் 32 காசு கூடும், குறையும்போது அதே அளவு குறையும், 9.5க்குக் கீழே எவ்வளவு இறங்கினாலும் அதற்குமேல் குறைக்கக் கூடாது. ஒரு நாள் இதை வகுப்பில் எழுதிப்போட்டு, கட்டுமானம் 9.75 என்றால் டன்னுக்கு எவ்வளவு என்று கேட்டோம். நம் மாணவி எழுதுகோலை எடுக்கவில்லை. “அரை குறையுதுங்க. அஞ்சு தடவை மூணு முப்பத்திரெண்டு, பதினாறு அறுவது. டன்னுக்கு நூத்தி அறுபத்தாறு போச்சு. மூவாயிரத்து இருநூத்தி முப்பத்தி நாலு.” சரியான விடை. 9.5க்கு 3,151 என்பதையும் சேர்த்தே சொன்னார். அந்த எண் அவர் வீட்டில் நாள்தோறும் புழங்குவது. இதே அமைப்பில் ஒரு கணக்கை, கரும்புக்குப் பதிலாக ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் விற்பனைத் தரகு என்று மாற்றி, ஆங்கிலத்தில் அச்சிட்டுக் கொடுத்தால், அதே பெண் நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டு தவறவிடுகிறார். எது சோதிக்கப்படுகிறது?

இரயில் கணக்கிலும் இதுவே நடந்தது. கம்பத்தைக் கடக்கும்போது வண்டியின் நீளம் மட்டும் போதும், பாலத்தைக் கடக்கும்போது வண்டியின் நீளத்தோடு பாலத்தின் நீளத்தையும் கூட்ட வேண்டும் என்பதைச் சூத்திரமாகப் படித்தவர்கள் மாற்றி மாற்றிப் போட்டார்கள். டிராக்டரும் அதன்பின் இரண்டு டிப்பரும் கரும்பேற்றிக்கொண்டு குறுகிய பாலத்தின்மேல் ஊர்வதையும், கடைசி டிப்பர் இறங்கும்வரை இந்தப் பக்கம் பேருந்து காத்து நிற்பதையும் நினைத்துக்கொள்ளச் சொன்னோம். அவ்வளவுதான். காத்து நின்ற அனுபவம் எல்லாருக்கும் இருந்தது.

அப்படியானால் கேட் தேர்வைத் தமிழில் நடத்த வேண்டும் என்று கேட்கிறீர்களா என வினவினார் ஒரு நண்பர். கேட்கவில்லை. நம் நிலைப்பாடு சிலருக்கு ஏமாற்றம் தரலாம். அப்படிப்பின் வகுப்புகள் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. வாயிலை மட்டும் தமிழில் வைத்து உள்ளே விட்டால் பிள்ளை உள்ளே தவிக்கும். தமிழில் தேர்வு வைப்பது எளிது என்றும் நாம் நம்பவில்லை. 2018 நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தன என்ற வழக்கில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்க ஆணையிட்டது. உச்சநீதிமன்றம் அவ்வாணையை நீக்கிவிட்டது. ஒரு விலங்கின் பெயரைச் ‘சீத்தா’ என்று ஒலிபெயர்த்து வைத்திருந்ததை அன்று எல்லாரும் கேலி செய்தோம். கேலி செய்த தமிழ்த்துறையினருள் எத்தனை பேர் அறிவியல் வினா ஒன்றை நல்ல தமிழில் எழுதிப் பார்த்திருப்போம்? பொறியியலுக்கான ஜேஇஇ முதன்மைத் தேர்வு 2021 முதல் தமிழிலும் நடக்கிறது. அதற்குரிய பயிற்சி நூல்களின் தமிழைப் பற்றி இலக்கிய இதழ் எதிலாவது ஒரு மதிப்புரை வந்ததாக நமக்கு நினைவில்லை.

நாம் கேட்பது சிறியது. தேர்வு ஆங்கிலத்தில் இருக்கட்டும். அதற்குப் போகும் பாதை தமிழில் தொடங்கட்டும். முதல் முந்நூறு கணக்குகளைத் தமிழில் புரிந்துகொண்டு போட்டவர், அடுத்த முந்நூறை ஆங்கிலத்தில் போடும்போது மொழியோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும். இப்போது நம் பிள்ளைகள் மொழியோடும் கணக்கோடும் கடிகாரத்தோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்டுகிறார்கள். சென்னையில் பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைக்கு முதலிரண்டும் முன்பே தீர்ந்துபோயிருக்கும்.

கணக்கும் தமிழும் என்றவுடன் நம்மவர் உடனே இறங்கும் துறை ஒன்று உண்டு, பழம்பெருமை. போதையனார் பெயரால் ஒரு பாட்டு கைப்பேசிகளில் சுற்றிச் சுற்றி வருகிறது. செங்கோண முக்கோணத்தின் நீண்ட பக்கத்தை எட்டாகப் பிரித்து ஒன்றைத் தள்ளி, உயரத்தில் பாதியைக் கூட்டினால் கர்ணம் வரும் என்பது அதன் பொருள். பிதாகரசுக்கு வர்க்கமூலம் வேண்டும், தமிழனுக்கு வேண்டியதில்லை என்று அடிக்குறிப்பும் சேர்ந்துவரும். மாணவர்கள் இதைத் தேர்வில் பயன்படுத்தலாமா என்று ஆவலோடு கேட்டார்கள். போட்டுப் பார்த்தோம். 3, 4 என்றால் 5, சரி. 5, 12 என்றால் 13, அதுவும் சரி. வகுப்பில் மகிழ்ச்சி. 8, 15 என்றால் 17 வர வேண்டும்; 17.125 வந்தது. இரு பக்கமும் 10 என்றால் 14.14க்குப் பதில் 13.75. கடைசியாக ஒரு பையன் குறும்பாக, நீளம் 100, உயரம் 1 என்று வைத்தான். விடை 88. கர்ணம் அடிப்பக்கத்தைவிடச் சிறுத்துப் போயிற்று!

பாட்டைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஓட்டுக்கூரையின் சரிவுக்கு மரம் அறுக்கும் தச்சனுக்கு இப்படியொரு தோராய விதி போதும். அவன் கூரைகள் 100க்கு 1 என்று சரிவதில்லை. விதி எந்த எல்லைக்குள் செல்லும் என்பது அவன் கைக்குத் தெரியும். நாம்தான் தொழிலிலிருந்து பாட்டைப் பிரித்தெடுத்து, எல்லையைத் தொலைத்துவிட்டு, உலகத்தை வென்றதாகச் சொல்லிக்கொள்கிறோம். காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ணும் வழி வருகிறது. காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும். பண்ருட்டிப் பழம் ஒன்றை வாங்கிவந்து அதையும் சோதித்தோம். எது காம்பைச் சுற்றிய முள், எது அடுத்த வரிசை முள் என்பதிலேயே இரண்டு கட்சி உண்டாகி, கணக்கு முடியுமுன் பழம் முடிந்துவிட்டது.

ஆனால் அதே மரபில் இன்றைய தேர்வர்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி எவரும் பெருமையடிப்பதில்லை. பயிற்சி நிலையங்கள் முதல் வாரத்திலேயே பின்னங்களுக்கு உரிய சதவீதங்களை மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. 1/8 என்றால் 12.5, 1/16 என்றால் 6.25, 3/16 என்றால் 18.75 என்று நாக்கில் நிற்க வேண்டும். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை முன்சொல்ல மற்றவர் பின்சொன்ன எண்சுவடி இதைத்தான் செய்தது. அங்கே ஒவ்வொரு பின்னத்துக்கும் தனிப்பெயர். அரைக்கால், மாகாணி, மும்மாகாணி. மா என்பது 1/20, நூற்றுக்கு ஐந்து. நாலுமா என்பது நூற்றுக்கு இருபது. காணி 1/80, நூற்றுக்கு ஒன்றேகால். பெயர் இருந்தால் அளவு மனத்தில் ஒரு பொருளாக உட்காருகிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்து ஆய்வு செய்த செந்தில் பாபு 2022இல் வெளியிட்ட ஆங்கில நூலில், திண்ணைப் பள்ளியின் மனப்பாடத்தை வெறும் ஒப்பித்தலாகத் தள்ளாமல் ஒரு கற்றல் முறையாகவே ஆராய்கிறார். கணக்கு எவர் கையில் இருந்தது, எவரை அளந்தது என்பதையும் அவர் விடுவதில்லை.

அந்தக் கடைசிச் செய்தி நமக்கு முக்கியமானது. முக்கோணத்தின் சாய்ந்த பக்கத்துக்கும் கர்ணம் என்று பெயர். ஊர்க் கணக்குப்பிள்ளைக்கும் கர்ணம் என்று பெயர். இரண்டாம் கர்ணம் 1980இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பதவியிழந்தார். அதுவரை நிலமும் வரியும் அவர் ஏட்டில் இருந்தன. அந்த ஏட்டைப் படிக்க முடியாதவர் அவர் சொன்ன தொகைக்குத் தலையாட்ட வேண்டியிருந்தது. நம் மாணவியின் பாட்டனார் தலையாட்டியவர்களுள் ஒருவர். எனவே, மேலாண்மைப் படிப்புக்குப் பிள்ளைகளைத் தயாரிப்பதா தமிழாசிரியன் வேலை, வணிகச் சந்தைக்கு ஆள்பிடிப்பதா இலக்கியம் என்று நண்பர் ஒருவர் கடிந்தபோது நமக்குச் சற்றுக் கோபம் வந்தது. அவருடைய மகன் பெருநகரக் கல்லூரியொன்றில் படிப்பது அதே மேலாண்மைதான். கல்வராயன் மலையடிவாரத்துப் பெண்ணுக்கு மட்டும் சங்க இலக்கியம் போதும் என்பது என்ன நியாயம்?

நம் முயற்சியின் குறைகளையும் மறைக்கக் கூடாது. எண்ணியல், வடிவியல் ஆகியவற்றில் கடினமான கணக்குகள் வரும்போது பொருள்கோள் உதவுவதில்லை. அங்கே கணிதம் தெரிந்த ஆசிரியர் வேண்டும். நல்வாய்ப்பாக, கணிதத்துறை நண்பர் ஒருவர் இப்போது சனிக்கிழமைகளில் வருகிறார். அவர் குறுக்குவழிகளில் நம்பிக்கையுள்ளவர். நாம் வாக்கியத்தை முதலில் பிரித்துப் பார்க்கச் சொல்பவர். நேரம் நாற்பது நிமிடந்தான் என்று அவர் நினைவூட்டும்போது நம்மிடம் மறுமொழி இருப்பதில்லை. நம் மாணவி டான்செட் எழுதினார். மதிப்பெண் நடுத்தரம். மறுமுறை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். தமிழில் எழுதி வைத்த அவருடைய கணக்குக் குறிப்பேடு இளையவர்களிடையே கைமாறிக்கொண்டிருக்கிறது; நாம் பார்த்தபோது அட்டை போயிருந்தது.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. டான்செட் வினாத்தாளில் ‘டேட்டா சஃபிஷியன்சி’ என்று ஒரு பகுதி. விடையைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கொடுத்த செய்திகள் விடை காணப் போதுமா என்று மட்டும் சொல்ல வேண்டும். அழகான பகுதி. ‘தரவுப் போதுமை’ என்று கரும்பலகையில் எழுதினோம், பிள்ளைகள் சிரித்தார்கள். ‘செய்தி நிறைவு’ என்றோம். வானொலி முடிந்துவிட்டதா என்றான் ஒருவன். வாசகர்களிடம் நல்ல சொல் இருந்தால் அனுப்பி உதவ வேண்டுகிறோம். குறிப்பேட்டில் அப்பகுதிக்கு மாணவி தாமே ஒரு தலைப்பு இட்டிருக்கிறார்: ‘போதுமா, போதாதா’.